மே த ஃபோர்த்

‘ஸ்டார் வார்ஸ்’ படங்களின் ரசிகர்கள் மே 4 அன்று சொல்லிக்கொள்ளும் வாழ்த்து இது. முழு வடிவம் ‘மே த ஃபோர்த் பி வித் யூ’. படத்தில் ஜெடாய் வீரர்கள் விடைபெறும்போது, பேராற்றல் உன்னோடு இருக்கட்டும் என்ற பொருளில் ‘மே த ஃபோர்ஸ் பி வித் யூ’ என்பார்கள். ஆங்கிலத்தில் ‘மே’ என்பது வாழ்த்தும் சொல், மாதப் பெயரும்கூட. நம் அணியிலக்கணப்படி ‘மே’ மட்டுமே அசல் சிலேடை. ‘ஃபோர்ஸ்’, நான்காம் தேதியைக் குறிக்கும் ‘ஃபோர்த்’ ஆனது வெறும் ஒலி நெருக்கம்.

முதல் படம் வந்தது 1977 மே 25. ஆக, இந்த நாளுக்கும் படத்துக்கும் வேறு தொடர்பே இல்லை. வாழ்த்தின் பழைய அச்சுச் சான்றுகளில் ஒன்று அரசியல் விளம்பரம் என்பதுதான் வேடிக்கை. 1979 மே 4 அன்று மார்கரெட் தாட்சர் பிரிட்டன் பிரதமரானபோது, அவருடைய கன்சர்வேட்டிவ் கட்சியினர் லண்டன் ‘ஈவினிங் நியூஸ்’ இதழில் இதே சொற்களில் அவரை வாழ்த்தினார்கள்.

இன்று அந்த நாளில் ரசிகர்கள் பாத்திரங்களைப் போல உடுத்துகிறார்கள், ஒளிவாள் சுழற்றுகிறார்கள், படங்களை வரிசையாகப் பார்க்கிறார்கள். இப்படங்களைத் தயாரித்த லூகாஸ்ஃபிலிமை 2012இல் வாங்கிய டிஸ்னி இதைப் பெரிய விற்பனை நாளாகவும் ஆக்கிவிட்டது.

மறுநாள் வில்லன்களான ‘சித்’களுக்கு. ‘ரிவெஞ்ச் ஆஃப் த சித்’ என்ற படப்பெயரைத் திரித்து ‘ரிவெஞ்ச் ஆஃப் த ஃபிஃப்த்’ (ஐந்தாம் தேதியின் பழிவாங்கல்) என்கிறார்கள். ‘சித்’துக்கு ‘ஃபிஃப்த்’தைவிட ‘சிக்ஸ்த்’ நெருக்கம் என்று 6ஆம் தேதியைப் பிடித்துக்கொள்வோரும் உண்டு. காதுக்கு அவர்கள் கட்சியே சரி.