சாதி ஆஸ்பத்திரியும் காலனி விலாசமும்

2016ஆம் வருசம் ஐப்பசி மழையில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் என் மகள் பிறந்தாள். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அங்கே மட்டும்தான் அப்படி என்று ஆகிவிடும்.

வலியோடு போனவளை வாசல் மேசை முன்னால் நிறுத்தி விவரம் கேட்டார்கள். பேர், வயசு, புருசன் பேர். "உட்காருங்க, விலாசம் சொல்லுங்க" என்றார் நர்ஸம்மா. காலனித் தெரு என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். "எந்தக் காலனி? ஹவுசிங் போர்டா, ஆதிதிராவிடரா?" சொன்னேன். "சரி, அங்க போய் நில்லு." உட்காருங்க என்பது நில்லு என்று மாறுவதற்கு ஒரு நிமிசம்கூட ஆகவில்லை. தமிழ் இலக்கணம் படித்தவள் நான். முன்னிலை மரியாதை ஒருமைக்கு எந்த இடத்தில் இறங்குகிறது என்று அன்றைக்குத்தான் சரியாகப் படித்தேன். அடுத்து மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார்கள். கையெழுத்துப் போடுவேன் என்றேன். நாலைந்து தாள்களை மடித்துப் பிடித்து, போடவேண்டிய இடத்தை மட்டும் காட்டினார்கள். வலியில் எதையும் படிக்கவில்லை. எம்.ஏ. தமிழ்.

பிரசவ அறையில் நடந்ததை நம் பெண்கள் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. தொடையில் அறை விழுந்தது. "கத்தாதடி, அன்னிக்கு நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்கள். தண்ணி கேட்டேன், கொடுக்கவில்லை. மரத்துப்போகிற ஊசி வேலை செய்வதற்குள் தையல் போட்டார்கள். அம்மா வெளியே நடையில் ராத்திரி முழுக்க நின்றாள். பிரசவத்தின்போது பெண்துணை ஒருத்தி கூட இருக்கலாம் என்று தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் 2004லேயே வழி செய்திருக்கிறார்கள். அது அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை.

குழந்தையைத் துடைத்துக் கொண்டுவந்த ஆயா, "பொட்டப்புள்ள, ஐநூறு குடு. பையன்னா ஆயிரம்" என்றாள். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து முந்நூறு கொடுத்தாள். அந்த ஆயாவும் நம்ம சனம்தான். காண்ட்ராக்ட் கூலி. அவளைத் திட்டி எழுதுவது சுலபம், அதனால்தான் எல்லோரும் அவளைப் பற்றியே எழுதுகிறார்கள். அவளை அந்தக் கூலிக்கு வைத்தவன் பிரசவ அறைப் பக்கமே வருவதில்லை.

நாலு மாதம் கழித்து இடுப்புவலியும் போக்கும் நிற்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் என் அட்டையைப் புரட்டிவிட்டு, "அதான் காப்பர்-டி போட்டிருக்கே, கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்" என்றார். எனக்கு யார் போட்டது? எப்போது? "நீதானே கையெழுத்துப் போட்டிருக்கே!" என் உடம்புக்குள் ஒன்றை வைத்தது எனக்கு நாலு மாதம் தெரியாது. அட்டைக்குத் தெரியும்.

இதை ஆயாவிடம் சொன்னேன். (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம். ஆஸ்பத்திரி ஆயா வேறு.) அவள் சேரியில் பிள்ளைப்பேறு பார்த்தவள். ஊர்த்தெருவுக்குத் தனி மருத்துவச்சி இருந்தாள், அவள் சேரிக்குள் காலெடுத்து வைக்கமாட்டாள். ஆனால் ஊர்த்தெருவில் பிள்ளை குறுக்கே நின்றால் இருட்டில் ஆள் வரும். ஆயாவைக் கொல்லைப்பக்கமாகக் கூட்டிப்போய், விடிவதற்குள் ரெண்டு மரக்கா நெல்லோடு அனுப்பிவிடுவார்கள். "புள்ள வெளிய வர்ற வரைக்கும் என் கையில தீட்டு இல்ல, வந்தப்புறம் ஒட்டிக்கும்" என்பாள்.

ஆயாவின் கையைக் கோயிலாக்கிக் கும்பிட நான் வரவில்லை. சுகப்பிரசவம், பாட்டி வைத்தியம், இயற்கை வழி என்று இன்றைக்கு வசதியானவர்கள் பேசுவதைக் கேட்கும்போது எரிச்சலாக வருகிறது. என் அம்மாவுக்கு எனக்கு முன்னால் ரெண்டு பிள்ளை. ஒன்று ரெண்டு நாள் வலியில் வயிற்றிலேயே போனது. இன்னொன்று ஏழாம் நாள் ஜன்னி கண்டு விறைத்துப் போனது. ரெண்டும் ஆயா பார்த்ததுதான். துருப்பிடித்த பிளேடும் வண்டி கட்டமுடியாத பாதையும் சேர்ந்து செய்தவை. நமக்கு ஆஸ்பத்திரி வேண்டும். அந்த ஆஸ்பத்திரி யாரை மனதில் வைத்துக் கட்டப்பட்டது என்பதுதான் கேள்வி.

சென்னைத் திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி பேரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் கேட்டால் 'கோஷா ஆஸ்பத்திரி' என்பார். கோஷா என்றால் திரைமறைவு. பர்தா போடும் முஸ்லிம் பெண்களுக்காக ஏற்பட்டது போலிருக்கிறது என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 1885இல் தொடங்கியபோது அது 'சாதி மற்றும் கோஷாப் பெண்கள் மருத்துவமனை'. சாதிப் பெண்கள் என்றால் சாதி இந்துப் பெண்கள். பெயர்ப்பலகையில் யாருக்கு இடமில்லை என்று தனியாக எழுதவேண்டியதில்லை.

தொடங்கியவர் மேரி ஷார்லீப். சென்னையில் வக்கீலாக இருந்த வெள்ளைக்காரர் ஒருவரின் மனைவி. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்தபோது முதலில் நுழைந்த நாலு பேரில் ஒருவர். பிறகு லண்டன் போய்ப் பட்டம் வாங்கித் திரும்பினார். ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்டமாட்டோம் என்று பெண்கள் வீட்டுக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவர் மருத்துவம் படித்தார். அவர் மனசைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சென்னையில் 1844லேயே பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. பிற்பாடு எழும்பூர் ஆஸ்பத்திரி என்று பேர்பெற்றது அதுதான். அப்புறம் எதற்கு இன்னொன்று? பொது ஆஸ்பத்திரிக்குச் சாதிப் பெண்கள் வர மறுத்தார்கள். ஆண் டாக்டர் ஒரு காரணம். பக்கத்துக் கட்டிலில் யார் படுத்திருப்பாள் என்பது இன்னொரு காரணம். அதே 1885இல் வைஸ்ராய் மனைவி டஃபரின் சீமாட்டி பேரில் நிதி திரட்டி இந்தியா முழுக்கப் பெண்களுக்கு மருத்துவ உதவி செய்யக் கிளம்பினார்கள். அங்கேயும் பெரிய கவலை வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் உயர்குலப் பெண்களை எப்படி வெளியே வரவழைப்பது என்பதுதான்.

வர மறுத்தவளுக்காக அரசும் ஜமீன்களும் காசு போட்டுத் தனிக் கட்டடம் எழுப்பின. மறுக்க வக்கில்லாதவள் கிடைத்த கட்டிலில் படுத்தாள். நம் மருத்துவ வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த ஆஸ்பத்திரியைப் பெண் விடுதலையின் அத்தியாயமாக எழுதுகிறார்கள். பெயரின் முதல் சொல்லைத் தாண்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். மக்கள் வாயிலும் கோஷா தங்கிவிட்டது, சாதி உதிர்ந்துவிட்டது. உதிர்ந்த சொல் எங்கே போனது என்று தேடினால், எனக்கு அந்த வாசல் மேசைப் பதிவேட்டில் விலாசம் என்ற கட்டம்தான் நினைவுக்கு வருகிறது.

நம் தரப்பிலிருந்து இதில் பேசியவர் அண்ணல். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதா வந்தபோது ஆதரித்துப் பேசினார். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், ஆகவே அந்தச் செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்கவேண்டும் என்பது அவர் வாதம். 1929இல் சட்டமானது. ஆனால் அது ஆலைப் பெண்களுக்கு. நடவுக்குப் போகிறவளுக்கு வயலே பிரசவ விடுப்பு. அவள் கைக்குக் காசு வர, 1987இல் தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி பேரில் உதவித் திட்டம் தொடங்கும் வரை ஆனது. 2018இலிருந்து அது ரொக்கமும் பொருளுமாக 18,000 ரூபாய் என்று ஆனது. ரெண்டு பிரசவத்துக்கு மேல் கிடையாது. தவணைகளை ஆஸ்பத்திரிப் பதிவோடு கட்டிவிட்டார்கள். திட்டுக்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டால் பணமும் இல்லை.

திட்டும் லஞ்சமும் கேட்காமல் காப்பர்-டி வைப்பதும் என் ஒருத்தியின் கதை இல்லை. செசிலியா வான் ஹாலன் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1995இல் சென்னையிலும் பக்கத்துக் குப்பங்களிலும் இருந்து ஏழைப்பெண்களிடம் கேட்டு எழுதிய நூல் 2003இல் வந்தது. இவை மூன்றும் அதில் இருக்கின்றன. இவற்றுக்கு அஞ்சியே பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கினார்கள் என்கிறார். இருபது வருசம் கழித்து நான் போனேன். இடையில் மாறியது தயக்கம்தான். 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில். 2018-20இல் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்குத் தாய் இறப்பு 54, இந்தியா முழுதுக்கும் 97. இது சாதனை, இல்லை என்று சொல்பவள் நானில்லை. என் மகள் மூச்சோடு வெளியே வந்ததும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். என் தொடையில் விழுந்த அறை எந்தக் கணக்கிலும் இல்லை.

போன வருசம் தங்கச்சிக்கு வலி எடுத்தது. கூட நான் போனேன். துணைக்கு ஒருத்தி உள்ளே இருக்கலாம், 2004லிருந்தே இருக்கு என்றேன். "யாரு சொன்னது?" என்றார்கள். சொன்னேன். கொஞ்சநேரம் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, செருப்பைக் கழட்டிட்டு வா என்றார்கள். தாள்களை நீட்டினார்கள். ஒவ்வொன்றாகப் படித்தேன். காப்பர்-டி சம்மதத் தாளைத் தனியே எடுத்து, இது வேணாம் என்று திருப்பிக் கொடுத்தேன்.

"படிச்சவளா நீ?" என்றார் அந்த அம்மா. ஆமாங்க என்றேன். பேனாவை எடுத்து விலாசம் கேட்டார். தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள்.

"காலனித் தெரு. ஆதிதிராவிடர் காலனி" என்றேன், அவர் கேட்பதற்கு முன்னால்.