வாய் வகுத்த வடிவம்: கடைசல் மரக்கலங்களில் உச்சிக் குமிழின் வரலாறு

கடைந்தெடுத்த மரக்கலத்தின் வாயில் ஒல்லியாக நிமிர்ந்து நிற்கும் உச்சிக் குமிழைப் பலரும் வெறும் அலங்காரமாகவே கருதுகின்றனர். பழைய மூடிகளின் கைப்பிடிக் குமிழே காலப்போக்கில் மெலிந்து உயர்ந்து இவ்வடிவை அடைந்தது என்று விளக்குவதும் எளிது. அந்த விளக்கம் போதாது. கடைசல்காரரின் ரசனையைவிட, கலத்தின் வாய் குறுகியதும், உலரும் மரத்தின் அசைவை அவர் கட்டுக்குள் கொண்டுவந்ததுமே குமிழை மாற்றின என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதல் சான்று 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலிருந்து கிடைக்கிறது. லண்டன் கடைசல்காரர் சங்கம் 1604இல் முதலாம் ஜேம்ஸ் மன்னரிடம் பட்டயம் பெற்றது. அந்நூற்றாண்டில் கரீபியப் பகுதியிலிருந்து வந்த லிக்னம் விட்டே என்னும் வைரம் பாய்ந்த மரத்தில், மசாலா சேர்த்த மதுவைப் பலரும் பகிர்ந்து பருகுவதற்கான வாசெயில் கிண்ணங்கள் கடையப்பட்டன. சில கிண்ணங்களின் மூடி உச்சியில் இருக்கும் குமிழே மசாலாச் சிமிழாகவும் இருந்தது. எனவே அதன் பருமனை வகுத்தது பயன்பாடு. மேலும், மரம் உலரும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. இழையின் நீளவாக்கில் மிகச் சொற்பமாகவும், குறுக்கே கூடுதலாகவும் சுருங்கும். இரு திசைகளுக்கும் இடையே 4 விழுக்காடு வேறுபாடு இருப்பதாகக் கொண்டால், 20 செ.மீ. வட்டம் 8 மி.மீ. கோணிவிடும். அகன்ற வாய்க்கு இறுக்கமான பொருத்தம் எட்டாக்கனி. தளர்வாக அமரும் மூடியே பொருந்தும்.

1970களில் அமெரிக்கக் கடைசல் கலைஞர் டேவிட் எல்ஸ்வொர்த் வளைந்த உளிகளைச் சிறு துளைவழியே செலுத்தி, உள்ளே பார்க்க முடியாத நிலையிலும் கைப்பக்குவத்தால் கலத்தை மெல்லிதாகக் குடைந்தார். அதே கணக்கில் 2.5 செ.மீ. வாய் கோணுவது 1 மி.மீ. மட்டுமே. அந்த மிச்சத்தையும் நன்கு உலர்ந்த, அடர்ந்த மரத்தாலான கழுத்து வளையத்தை வாயில் பதித்துச் சமாளிக்கலாம். அதில் அமரும் முளையோடு குமிழைக் கடையும்போது இழை நீளவாக்கில் ஓட வேண்டும். நுனியை முதலில் முடித்து, பருமனான அடியின் தாங்குதலோடு கீழ்நோக்கிக் கடைய வேண்டும். 1986இல் அமெரிக்கக் கடைசல்காரர் சங்கம் தோன்றியபின் இத்தகைய நுட்பங்கள் பரவ வழி பிறந்தது. நுண்ணிய குமிழ்களுக்குப் பெயர்பெற்ற சிண்டி ட்ரோஸ்டாவின் படைப்புகள் இவ்வளர்ச்சியின் முதிர்ந்த கட்டம்.

உயர்ந்த குமிழ் புதிதல்ல, 1578இல் ட்ரெஸ்டன் அரசவைக்கு வந்த கியோர்க் வெக்கர் போன்றோரின் தந்தக் கடைசல் மரபிலேயே உயர்ந்த உச்சிகள் உண்டு என்று மறுக்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே உச்சி மூடியின் உறுப்பு. அதன் விகிதம் மூடியைச் சார்ந்தது. இங்கோ மூடி மறைந்து, குமிழே வாயில் நேரடியாக இறங்குகிறது. இன்னொரு மறுப்பு வலுவானது: குடைந்த கலத்தின் உயிர் அதன் இருண்ட வாயில்தான் இருக்கிறது, குமிழ் அதை அடைத்துவிடுகிறது என்பது. எல்ஸ்வொர்த்தின் திறந்த வாய்க் கலங்களே அதற்குச் சான்று. எனினும் திறந்த வாய் சற்றே கோணினாலும் அழகு குன்றாது. குமிழ் ஏற்கும் வாயோ பிழை பொறுக்காது. ஆகவே குமிழ் வாயைப் புறக்கணிக்கவில்லை, அதனிடம் கூடுதல் துல்லியம் கேட்கிறது. இக்கலங்களை ஆராய்வோர் குமிழின் உயரத்தை மட்டும் குறித்தால் பாதி வரலாறு விடுபடும். குமிழை எடுத்துவிட்டு, வாயின் விட்டத்தை இரு திசைகளிலும் அளந்து எழுதுவதே முறை.