கதிரை அளக்கும் தொழில்

அலங்காநல்லூர் வாடிவாசலை அறியாதவர் யார்? குறுகிய வாயில் திறந்ததும் காளை பாய்ந்து வருகிறது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு அளிக்கும் கோபால்ட் கருவியிலும் இப்படி ஒரு வாயில் உண்டு. கனத்த கவசத்துக்குள் அடைபட்ட கதிர், அதன் வழியேதான் நோயாளியை அடைகிறது. அந்த வாயிலை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது? இதற்குச் சரியான விடை காண்பதற்கென்றே ஒரு தொழில் வளர்ந்தது. அதைக் கற்க விரும்பும் மாணவரே, அதன் வரலாற்றையும் சற்றுப் பாருங்கள்.

1895இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே சிலர் அதைக் கொண்டு சிகிச்சை செய்யத் தொடங்கினர். ஆனால் கதிரைச் சரியாக அளக்க அப்போது வழியில்லை. தம் கைகளையே அதன்முன் நீட்டிச் சோதித்தவர்கள் விரல்களை இழந்தனர். பலர் உயிரையே இழந்தனர். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி 1904இல் மாண்டார். இத்தகையோருக்கு 1936இல் ஹாம்பர்க் நகரில் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது.

1951இல் கனடாவில் கோபால்ட்-60 சிகிச்சை தொடங்கியது. நம் நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. 1950களின் பிற்பகுதியில் அங்கும் கோபால்ட் கருவி வந்தது. கருவி வந்தால் போதுமா? அதை அளந்து இயக்க ஆட்கள் வேண்டாமா? 1962இல் பம்பாயை அடுத்த டிராம்பேயில் பௌதிகப் பட்டதாரிகளுக்குக் கதிரியல் பௌதிகப் பயிற்சி தொடங்கியது.

கோபால்ட்-60இன் வலிமை சுமார் 5.27 ஆண்டில் பாதியாகிறது. இன்று 2 நிமிடம் அளிக்கும் சிகிச்சையை அப்போது 4 நிமிடம் அளிக்க வேண்டும். அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் இந்தத் தேய்வைத் தவறாக வரைந்த ஒரு வரைபடத்தை நம்பினர். கதிர் உண்மையில் இருந்ததைவிட வலுக்குறைந்தது என்று கணக்கிட்டு, நேரத்தைக் கூட்டினர். 1974 முதல் 1976 வரை 426 நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிரைப் பெற்றனர். கருவியை ஒருமுறை நேரில் அளந்திருந்தால் பிழை உடனே புலப்பட்டிருக்கும்!

இன்று பல இடங்களில் கோபால்ட்டுக்குப் பதிலாக நேர்கோட்டு முடுக்கிகள் வந்துவிட்டன. அவற்றையும் அன்றாடம் சோதித்தே இயக்க வேண்டும். தகுதி பெற்றவர் இன்றி எந்த மருத்துவமனையும் இவற்றை இயக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அனுமதிப்பதில்லை. வேலைவாய்ப்புக்கு அடிப்படை இதுவே.

பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர் கதிர்வீச்சு சிகிச்சைத் தொழில்நுட்பப் பட்டம் பெற்றுக் கருவியை இயக்கலாம். பௌதிகப் பட்டதாரி மருத்துவப் பௌதிகத்தில் முதுகலைப் பட்டமும் மருத்துவமனைப் பயிற்சியும் பெற்று, கதிரை அளந்து கணக்கிடும் பணியில் சேரலாம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். சிகிச்சைக் கருவியுள்ள மருத்துவமனை அதனுடன் இணைந்துள்ளதா, படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்று விசாரியுங்கள். பிறகு அங்கே படிக்கும் மூத்த மாணவர் ஒருவரிடம் இதையும் கேளுங்கள்: "நீங்கள் உங்கள் கையாலேயே கதிரை அளந்திருக்கிறீர்களா?"