புகை போன பக்கம்

1999 மார்ச் 24 அன்று மோன் பிளாங்க் மலைச்சுரங்கத்தில் நடந்த தீ விபத்தைப் பத்திரிகையில் படித்தபோது ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவே இல்லை. எரிந்த லாரிக்கு இத்தாலிப் பக்கம் நின்ற லாரிகளின் டிரைவர்கள் நடந்தே தப்பிவிட்டார்கள். பிரான்ஸ் பக்கம் சிக்கியவர்களோ மாண்டார்கள். ஒரே தீ, ஒரே சுரங்கம். ஏன் இப்படி? ஓய்வு பெற்ற பிறகு நிதானமாகத் தேடிப் படித்தேன்.

1965-ல் திறக்கப்பட்ட அந்தச் சுரங்கத்தின் நீளம் 11.6 கி.மீ. போக, வர ஒரே குழாய். மாவும் மார்கரினும் ஏற்றிக்கொண்டு பிரான்ஸ் பக்கமிருந்து வந்த லாரி, நடுவழியில் தீப்பிடித்து நின்றது. தீ அணைய 53 மணி நேரம் ஆனது. 39 பேர் இறந்தார்கள். பிறரைக் காப்பாற்ற மோட்டார் சைக்கிளில் உள்ளே போன காவலர் பியர்லூச்சோ தினாட்சியும் அவர்களில் ஒருவர்.

சுரங்கத்தில் தீப்பிடித்தால் சூடான புகை கூரைக்கு ஏறி இரு பக்கமும் ஓடும். ஒரு பக்கமிருந்து காற்றைச் செலுத்தினால் அந்தப் பக்கம் வரும் புகை நிற்கும். காற்று பலவீனமாக இருந்தால் புகை கூரையோடு ஒட்டி எதிர்த்து வரும். பெரிய தீயென்றால் நொடிக்கு சுமார் 3 மீட்டர் வேகமாவது வேண்டும்.

இதில் வண்டிகளின் பங்கு என்ன? தோட்டத்து ஹோஸ் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறுகிறதல்லவா? அதேபோல் தீக்குப் பக்கத்தில் வண்டி அடைத்து நின்றால் இடுக்கில் காற்று வேகமெடுக்கும். சுரங்கத்தின் குறுக்குவெட்டுப் பரப்பில் 12 சதவீதம் அடைபட்டாலே, தேவையான காற்று வேகம் சுமார் 15 சதவீதம் குறைவதாக 1995-ல் ஓக்கா, அட்கின்சன் இருவரும் சிறு மாதிரிச் சுரங்கத்தில் சோதித்துக் கண்டார்கள்.

நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். நீண்ட வண்டி வரிசை மொத்தக் காற்றோட்டத்தையே மந்தமாக்கும். காற்று போகும் பக்கமோ இன்னும் மோசம். கூரையோடு போக வேண்டிய புகை வண்டிகளில் மோதிக் கலங்கி, மனிதர் மூச்சுவிடும் உயரத்துக்கு இறங்கிவிடும்.

அன்று காற்று இத்தாலியிலிருந்து பிரான்ஸை நோக்கி வீசியது. புகையை உறிஞ்சியிருக்கக்கூடிய இத்தாலிப் பக்கக் குழாயும் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. எரிந்த லாரிக்குப் பின்னால், அதாவது பிரான்ஸ் பக்கம், சுமார் 20 லாரிகளும் சில கார்களும் நின்றன. எல்லாப் புகையும் அவர்கள் மேல்தான். பலர் வண்டியை விட்டு இறங்காமலே, இருக்கையில் உட்கார்ந்தபடியே உயிரை விட்டார்கள்.

2002-ல் சுரங்கத்தை மறுபடி திறந்தபோது 300 மீட்டருக்கு ஒரு பாதுகாப்பு அறை இருந்தது. ஓடும் வண்டிகளுக்கிடையே 150 மீட்டர் இடைவெளி கட்டாயம். அந்த இடைவெளியின் அருமை எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

நண்பர்களே, என்றாவது சுரங்கத்தில் புகையைக் கண்டால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காத்திருக்காதீர்கள். வண்டி போனால் போகட்டும், இறங்கி நடந்துவிடுங்கள்.