நிணநீர்க் கலன்கள் புலப்பட்ட வரலாறு

கண்ணெதிரே உள்ள பொருளும் கருத்து இடங்கொடாதவரை காணப்படுவதில்லை. இதற்கு நிணநீர்த் தொகுதியின் வரலாறு தக்க சான்றாகும்.

1622ஆம் ஆண்டு யூலை 23ஆம் நாள், மிலான் நகரிலே கஸ்பாரோ அசெல்லி என்னும் மருத்துவ அறிஞர், உணவுண்டு சிறிது நேரமே கழிந்த நாயொன்றை உயிருடன் அறுத்து ஆராய்ந்தார். குடலைத் தாங்கும் சவ்விலே வெண்ணிற இழைகள் படர்ந்திருந்தன. அவற்றை நரம்புகளென முதலிற் கருதிய அவர், ஒன்றைக் கீறியதும் பால்போன்ற நீர் பெருகக் கண்டார். உண்ணாத நாயில் அவ்விழைகள் புலப்படவில்லை. ஆகவே, அவை உணவின் சாரத்தைக் கொண்டுசெல்லுங் கலன்களெனத் தெளிந்தார். அவர் மறைந்தபின், 1627இல் அவரது நூல் வெளிவந்தது.

ஆயினும், ஈரலே குருதியை ஆக்குவதென்னும் கலெனின் கொள்கை அக்காலத்து ஓங்கியிருந்தது. ஆதலின், அக்கலன்கள் ஈரலையே சென்றடைவன என அசெல்லி கூறினார். புதியதைக் கண்ட கண்ணையும் பழைய கொள்கை மறைத்தது! குருதிச் சுற்றோட்டத்தை 1628இல் விளக்கிய ஹார்வியும் இக்கலன்களின் தொழிலை ஏற்றுக்கொண்டாரல்லர்.

1651இல் பிரான்சிய அறிஞர் பெக்கே, அச்சாரம் ஈரலை அணுகாது, நெஞ்சறைக் கான் வழியே மேலேறிக் கழுத்தடியிலுள்ள பெருநாளத்திற் கலப்பதை வெளியிட்டார். ஈரலின் அரியணை சரிந்தது. அடுத்த இரண்டாண்டுகளுள், சுவீடனில் ருட்பெக்கும் தென்மார்க்கில் பார்த்தொலினும் தெளிநீர் ஏந்திய கலன்கள் பிறவிடங்களிலும் பரந்திருத்தலைக் காட்டினர். முதன்மை யாருடையதென்ற வழக்கும் எழுந்தது.

இழையங்களிற் கசிந்த நீரை மீட்டுக் குருதியிற் சேர்த்தலும், கணுக்களிலே கிருமிகளைத் தடுத்தலும், கொழுப்பைக் கொணர்தலும் இத்தொகுதியின் தொழில்களென இன்று அறிவோம். மூளைப் பகுதியில் இக்கலன்கள் இல்லையெனப் பாடநூல்கள் நெடுங்காலம் கூறின. 2015இல் எலியின் மூளையுறையில் அவை தெளிவுறக் காட்டப்பட்டன. நூலைக் கற்போர் பொருளையும் நேரே காணல் வேண்டும்.