தேய்ந்த எஞ்சினும் தன் கையும்

கப்பலைத் தாமே கட்டித் தாமே செப்பனிட்ட ஊர் வல்வெட்டித்துறை. அங்கே உருவான அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்க, அது 1938-இல் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது.

1990-இல் போர் மீண்டும் மூண்டு, குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, அத்தகைய கைகளுக்கு வேறொரு சோதனை வந்தது. 1952 முதல் 1954 வரை உற்பத்தியான ஒஸ்ரின் ஏ-40 சோமசெற் கார்களே அப்போது கைகொடுத்தன. அவற்றின் 1.2 லீற்றர் எஞ்சினே, இரட்டைக் காபரேற்றருடன், அந்நிறுவனத்தின் விளையாட்டுக் காரையும் ஓட்டியது. அமுக்க விகிதம் குறைவாதலின், சில துளி பெற்றோலில் உயிர்பெற்றபின் அது மண்ணெண்ணெயில் ஓடிற்று.

ஆனால் எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும். பிஸ்டன் வளையங்களும் உருளையும் விரைந்து தேயும். அந்நிலையில் எஞ்சினைத் தாமே கழற்றிப் பூட்டலாமா? வால்வு அரைத்தலும் வளையம் மாற்றலும் பொறுமையுள்ள கைக்கு எட்டுபவை. உருளை வட்டம் கெட்டுத் தேய்ந்திருப்பின், அதைக் கடைந்து அகலமாக்கும் வேலை பட்டறைக்கே உரியது. புது வளையம் மட்டும் இட்டால் புகை நிற்காது. ஆகவே முதலில் அளந்து பார்த்து, பின்னரே துணிதல் வேண்டும். நோயாளரை மந்திகை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்லும் கார் நடுவழியில் நின்றால், இழப்பு இரும்புக்கு மட்டுமன்று.