கல்லறை உள்ள பாட்டியும் பெயர் இல்லாத பாட்டிமாரும்

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் தாண்டிப் போனால் போகவந்தலாவ வரும். அங்கே தேயிலை மலைகளுக்கு நடுவில் செயின்ட் மேரிஸ் என்ற சின்ன அங்கிலிக்கன் தேவாலயம் இருக்கிறது. அதன் மயானத்தில் ஒரு கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள். மனைவி இறந்தது 1879 ஜனவரி 26. கணவர் அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார். அந்த மனைவியின் பெயர் ஜூலியா மார்கரெட் கேமரன். உலகப் புகைப்பட வரலாற்றை யார் எழுதினாலும் இந்த அம்மாவை விட்டுவிட்டு எழுத முடியாது. ஆனால் இப்படி ஒருத்தர் நம்ம மண்ணில் கிடக்கிறார் என்பது மலையகத்துப் பிள்ளைகள் பலருக்கே தெரியாது.

இந்தக் கட்டுரையில் அவரைப் பற்றிப் பேசப் போறோம். அவரோடு சேர்த்து, அதே மலையில் அதே காலத்தில் வாழ்ந்த வேறு சில பாட்டிமாரைப் பற்றியும் பேசணும்.

ஜூலியா 1815இல் கல்கத்தாவில் பிறந்தார். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. 1838இல் தன்னைவிட இருபது வயது மூத்த சார்ல்ஸ் ஹே கேமரனைக் கல்யாணம் முடித்தார். இந்தச் சார்ல்ஸை நாம் பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். இலங்கையில் இராஜகாரிய முறையை ஒழிக்கப் பரிந்துரை செய்த கோல்புறூக் - கேமரன் ஆணைக்குழுவில் வருகிற கேமரன் இவர்தான். இலங்கை மலைகளில் கோப்பித் தோட்டங்களையும் வாங்கி வைத்திருந்தார்.

ஜூலியாவுக்கு ஒரு மகளும் ஐந்து மகன்களும். அது போதாதென்று, தாய் தகப்பனை இழந்த உறவுக்காரப் பிள்ளைகளையும் எடுத்து வளர்த்தார். பிச்சை எடுத்துக்கொண்டிருந்த மேரி ரயன் என்ற ஐரிஷ் சிறுமியையும் வீட்டுக்குக் கூட்டி வந்து படிக்க வைத்தார். 1863 கடைசியில், அவருக்கு 48 வயதாக இருந்தபோது, மகளும் மருமகனும் ஒரு கெமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அந்த வயதில் நம்ம ஊரில் பாட்டி என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவோம். அவர் அப்போதுதான் தொடங்கினார். கோழிக்கூண்டு இருந்த இடத்தை ஸ்டூடியோ ஆக்கினார். டார்வின், டெனிசன், ஹெர்ஷல் என்று அந்தக் காலத்துப் பெரிய ஆட்கள் அவர் கெமராவுக்கு முன்னால் அசையாமல் உட்கார வேண்டி வந்தது.

அவருடைய பக்தியும் படங்களில்தான் வெளிப்பட்டது. வேதாகமத்தில் ஆவியின் கனிகள் என்று வரும் ஒன்பது குணங்களையும் ஒன்பது படங்களாக எடுத்தார். ஒவ்வொன்றிலும் மாதாவும் குழந்தையும். மாதாவாக நின்றது அவர் வீட்டில் வேலை செய்த மேரி ஹில்லியர் என்ற பெண். 1865இல் பேரன் ஆர்ச்சி தூங்கும்போது அவனையே குழந்தை இயேசுவாக வைத்து எடுத்தார். அந்தப் படத்துக்கு 'பக்தி' என்று பெயர் வைத்தார். பேரப்பிள்ளை தூங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது எல்லாப் பாட்டிமாரும் செய்வது. இவர் கையில் கெமரா இருந்தது, அவ்வளவுதான்.

1873இல் அந்தக் கெமராவைக் கொடுத்த மகள் பிரசவத்தில் இறந்துபோனார். 1875இல் கணவனும் மனைவியும் இலங்கைக்கு வந்துவிட்டார்கள். மகன்கள் சிலர் ஏற்கனவே இங்கே இருந்தார்கள், இங்கிலாந்தில் செலவு கட்டுப்படியாகவில்லை. போகும் இடத்தில் கிடைக்காது என்று இரண்டு சவப்பெட்டிகளையும் கப்பலில் ஏற்றி வந்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அவர்கள் வந்த நேரம் கோப்பிக்கு நல்ல காலம் இல்லை. 1869இல் தொடங்கிய இலை நோய் தோட்டம் தோட்டமாக அழித்துக்கொண்டு போனது. லூல்கந்துரத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் நட்ட தேயிலைதான் பிறகு அந்த இடத்தைப் பிடித்தது.

இங்கேயும் ஜூலியா படம் எடுத்தார். இலங்கையில் எடுத்தவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை 30க்கும் குறைவு. களுத்துறை வீட்டிலும் தோட்டங்களிலும் வேலை செய்தவர்களை நிறுத்தி எடுத்த படங்கள் பல. அவர்களில் தமிழ்த் தொழிலாளர்களும் இருந்தார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். அந்தப் படங்களைப் பாருங்கள். நேராகக் கெமராவைப் பார்க்கும் பெண்களின் முகத்தில் ஒரு கம்பீரம் இருக்கிறது. ஆனால் தலைப்பைப் படித்தால் 'இளம்பெண், சிலோன்', 'களுத்துறைக் குடியானவர்கள்' என்றுதான் இருக்கும். ஒருத்தருக்கும் பெயர் இல்லை.

இங்கேதான் நாங்கள் கொஞ்சம் நின்றோம். இங்கிலாந்தில் வீட்டு வேலைக்காரி மேரி ஹில்லியரின் பெயர் 160 வருஷம் கழித்தும் நமக்குத் தெரிகிறது. அதே கை, அதே கெமரா. கடல் தாண்டி வந்ததும் பெயர் காணாமல் போய்விட்டது. இதை ஜூலியா என்ற ஒரு ஆளின் குணக்குறை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. தோட்டத்தில் ஆட்களை ஆளாகப் பார்க்கிற பழக்கமே இல்லை. கங்காணியின் கீழ் இத்தனை தலை, பெரட்டுக்களத்தில் இத்தனை பேர் என்ற எண்ணிக்கைதான். 1876 - 78 பஞ்சத்தில் தமிழ்நாட்டிலிருந்து உயிர் பிழைக்க வந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்த பெண்களும் ஜூலியாவும் இந்தத் தீவில் ஒரே வருஷங்களில் இருந்தவர்கள். வழியில் செத்தவர்களுக்குக் கல்லறை கிடையாது.

அவர்களில் வேதக்காரரும் உண்டு. 1854இல் தோட்டத் தமிழருக்காகவே ஒரு மிஷன் தொடங்கினார்கள். அதன் பெயரிலேயே 'கூலி' என்று இருந்தது. சாமியும் அந்தப் பட்டத்தோடுதான் லயத்துக்கு வந்தார். ஆனாலும் நம்ம பாட்டிமார் அதைத் தங்களுக்கு உரியதாக மாற்றிக்கொண்டார்கள். விடிகாலையில் அடுப்பு மூட்டும்போதே செபம், பகல் முழுக்கக் கொழுந்து, இரவில் பிள்ளைகளை முழங்காலில் நிறுத்திச் செபமாலை. பேரப்பிள்ளைக்கு முதல் பாட்டும் முதல் கதையும் முதல் எழுத்தும் அவர்களிடமிருந்துதான் வந்தன.

1948க்கு வருவோம். அந்த வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் இலக்கம் 18 என்ன கேட்டது தெரியுமா? இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜை ஆக வேண்டுமென்றால், அவருடைய தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அம்மா? அப்பாயி? அம்மாயி? அவர்கள் எங்கே பிறந்தார்கள் என்று சட்டம் கேட்கவே இல்லை. லயத்தில் மூன்று தலைமுறைக்குப் பிள்ளை பெற்று வளர்த்த பாட்டியின் பிறப்பு ஒரு சான்றாகவே எண்ணப்படவில்லை. 1949 சட்டத்தின் கீழ் 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பித்தார்கள். கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. ஒரே குடும்பத்தில் சிலர் கப்பல் ஏற, சிலர் இங்கேயே தங்கினார்கள். பெண்களுக்கு ஆண்களோடு சமமான நாட்சம்பளம் வந்ததே 1984இல்தான்.

அரசாங்கம் கேட்காத பெயர் ஒரு இடத்தில் மட்டும் எழுதப்பட்டிருந்தது. கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் தகப்பன் பெயரோடு தாயின் பெயரும் இருக்கும். மதம் நல்லதா கெட்டதா என்ற பேச்சு இது இல்லை. பெயர் எழுதிய காகிதம் எங்கே இருக்கிறது என்ற பேச்சு. நம்ம வரலாற்றை எழுத நினைக்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பழைய புத்தகங்கள் ஒரு பொக்கிஷம். ஈரமும் பூச்சியும் அவற்றைத் தின்றுகொண்டிருந்தால் நம்மைத் தவிர வேறு யார் கவலைப்படப் போகிறார்கள்?

ஜூலியாவை வெறுக்கச் சொல்லி இதை எழுதவில்லை. 48 வயதில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்ட ஒரு அம்மாவை மதிக்கிறோம். பிள்ளைகள் மேலும் பேரன் மேலும் அவர் வைத்த பாசம் படத்தில் தெரிகிறது. நம்ம பாட்டிமாரின் பாசமும் அதற்குக் குறைந்தது இல்லை. அதை வைக்க அவர்களுக்கு ஒரு கண்ணாடித் தகடு கிடைக்கவில்லை.

இன்றைக்கு நம் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது பாட்டியோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். அவருடைய அம்மாவின் பெயர் என்ன, அம்மாவின் அம்மா பெயர் என்ன, எந்தத் தோட்டத்தில் எந்த டிவிசனில் பிறந்தார், முதல் பேர் போட்டது எத்தனை வயதில், எந்தப் பாட்டைப் பாடிப் பிள்ளைகளைத் தூங்க வைத்தார் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். படம் எடுத்தால் கீழே முழுப்பெயரையும் ஊரையும் தேதியையும் எழுதி வையுங்கள். வெறும் 'பாட்டி' என்று சேமிக்க வேண்டாம்.